காலி வண்டி எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
சீட்டுக் கிழிப்பது என் வேலை.
லோடோடு ஒருமுறை,
இறக்கிவிட்டு வந்து காலியாக ஒருமுறை.
நடுவில் இருப்பதுதான் சரக்கு.
தவிடு, எம்சாண்ட், தேங்காய்,
மீனத்தில் ஒரு நாள் லாரியோடு ஒரு யானை.

என்னை நிறுத்தது கோயமுத்தூரில்.
நூற்று இருபத்தெட்டு.
அந்த நர்ஸ் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.
டிஸ்சார்ஜ் அன்று அதற்காகவே அவளுக்கு
ரெண்டு முழம் மல்லி.
வயிற்றில் முக்காலை எடுத்துவிட்டார்கள்.
மிச்சம் ஒரு பூவன்பழ அளவு.

இரண்டாம் சனிதோறும் மேடைக்கு எதிரே
நூருதீன் பேக்கரியில் கூடுவோம்,
ஒரே கத்திக்கு வயிறு கொடுத்த ஐந்து பேர்.
பக்கத்திலேயே பழம்பொரி வேகும்.
வேறு இடம் பார்க்கலாம் என்று
இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

"தண்ணியெ மடக்குனு குடிக்காதீங்க,
பாட்டில் மூடியில ஊத்தி மூடி மூடியா"
என்பாள் ஜெசிந்தா.
"சோத்தோட தண்ணியே ஆகாது, அரைமணி போகணும்"
என்பார் கிட்டுச்சாமி.
முடி ஆறாம் மாசம் கொட்டும், ஒன்பதில் நிற்கும்.
எனக்கு நிக்கலியே என்றேன்.
எல்லோரும் என் வகிட்டைப் பார்த்துவிட்டு
டீயைப் பார்த்தார்கள்.
பி-பன்னிரண்டு ஊசிக்குக் கொழிஞ்சாம்பாறை சசி கைதான் கை.
புரோட்டீன் மாவைச் சம்பாரத்தில் கலக்கினால் இறங்கும்,
பாலில் கலக்கினால் சுவர் வெள்ளையடிக்கலாம்.
கல்யாணப் பந்தியில்
யார் வீட்டுக் குழந்தையையாவது பக்கத்தில் உட்கார வை,
உன் இலை அவன் இலைக்குப் போகும்,
ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.
"கள்ளு ஒரு கிளாஸ்லயே ஏறிருதுங்க, செலவு மிச்சம்."
டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை கிட்டுச்சாமி.

தெருவில் எங்களை நிறுத்திக் கேட்பவர்கள்
குரலைத் தாழ்த்துவார்கள்:
"சக்கரையா? இல்லே, அதுவா?"
அதுதான் என்று சொல்லிப் பார்த்தாள் ஜெசிந்தா ஒருமுறை.
பழைய கடன் ஐயாயிரம் வீடு தேடி வந்ததாம்.
சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது.

மெஹர்பானு மட்டும் சிரிக்கவில்லை.
போன மாதம் அவள் தம்பி, பைக்கில்,
கோபாலபுரம் வளைவில்.
"அழுகை வந்தா முந்தியெல்லாம்
பரோட்டாவா உள்ளெ தள்ளிருவேன்.
நாலு, அஞ்சு.
இப்ப நாலு வாயில நின்னுருது.
மிச்சத்தெ எங்கெ கொண்டு வெக்கறது?"

இதற்கு ஜெசிந்தாவிடம் மூடி இல்லை.
நூருதீன் எண்ணெய்ச் சட்டியை அணைத்தார்,
எங்களுக்காகவா தெரியாது.
வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசும் ஓமனக்குட்டன்
மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"ராத்திரி வண்டியெ எடுத்து மலம்புழை வரெ போகும்.
ஒண்ணும் செய்யாண்டாம்.
திரிச்சு வரும்.
பெட்ரோலுக்குத்தான் காசு."
"எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றாள்.
"ஞான் ஓட்டும். பின்னாடி இரிக்கு."
ஜெசிந்தா நானும் வர்றேன் என்றாள்.
கிட்டுச்சாமிக்கு முன் சீட்டு வேண்டுமாம், முட்டி.

கிளம்பும்முன் மேடை காலியாகக் கிடந்தது.
யார் முதலில் ஏறியது நினைவில்லை.
அறுபது டன் இரும்பின் நடுவில் செருப்போடு ஐந்து பேர்,
நான் ஓடிப்போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்,
திரும்பி ஓடிவந்து நின்றேன்,
மறுபடி ஓடினேன்.
ஓமனக்குட்டன் கடைசியில் என் போனை வாங்கி
பெட்டியின் மேல் சாய்த்துப் படம் ஓடவிட்டார்.
நானூற்று இருபது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அந்த யந்திரத்துக்குக் கணக்கில்லை.
காலையில் முந்நூறு கிராம் கூடிவிட்டதென்று
குளியலறையில் அழுதவள் நான்.

சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: மெஹர்பானு தம்பியின் பைக் நம்பரைச் சொன்னாள்.
சரக்கு: ஒன்றும் எழுதவில்லை.
காலி எடைக் கட்டம் அப்படியே இருந்தது.
அவள் அதை நாலாக மடித்துப் போன் கவரில் செருகிக்கொண்டாள்.

பின்னால் வைக்கோல் லாரி ஹாரன் அடித்தது.
கல்லாவில் என் கைக்காசு எழுபது போட்டேன்.
முதலாளி திங்கட்கிழமை சீட்டு எண்ணுவார்.